பாறைமேல் மூன்று தட்டு

எங்கள் நிலத்தைப் பங்கு பிரித்தபோது ஓடையோரம் கொழுந்தனுக்குப் போனது, பாறை எங்களுக்கு வந்தது. மேலே ஒரு சாண் மண். அதற்குக் கீழே கடப்பாறை இறங்காது. சாமை விதைத்தால் முளைக்கும். மழை நின்ற பத்தாம் நாள் கருகிப் போகும். என் வீட்டுக்காரர் இருந்தவரை அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். கொழுந்தன் மனைவி, என் ஓரகத்தி, நாற்பது வருஷமாக என்னைக் கூப்பிடுவதே "பாறைக்காரி" என்றுதான்.

அந்தப் பாறையைத் தேடிக்கொண்டு புரட்டாசி மாதத்தில் ஒரு ஜீப் வந்தது.

நான் பெரிதாகப் படித்தவள் இல்லை. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு முதியோர் வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டக் கற்றேன். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பகல் பிடிக்கும். ஆனாலும் இதை நானே எழுதுகிறேன். கொல்லிமலையில் எங்கள் பைல்நாட்டு ஊர்களில் இதை ஆளுக்கு ஒருவிதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நடந்தது எனக்குத் தெரியும்.

ஜீப்பிலிருந்து இறங்கியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நடுவயதுக்காரி, நரைக்குச் சாயம் பூசாதவள். இன்னொருவர் கண்ணாடி போட்ட மனிதர், வேலையிலிருந்து ஓய்வு பெறும் வயது. அவர் வந்ததிலிருந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள்தான் பேசினாள்.

"ஏனுங்க அம்மாயி, இந்தக் காடு உங்களுதுங்களா?"

"என்னுதுதான். நீ எந்த ஊரு? கீழ்நாடா?"

"காரவள்ளிப் பக்கங்க. எங்கய்யனுக்கு அங்க வெங்காயக் காடு. வேலைதான் வெளியூர்ல."

மலைக்குக் கீழே இருக்கிற கீழ்நாட்டுக்காரர்கள் எங்கள் ஆட்களை வயசு பார்க்காமல் வா போ என்பார்கள். இவள் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டாள். அதற்காகவே பாய் எடுத்துப் போட்டேன்.

நிலம் அதிர்வதைக் கேட்கும் கருவி ஒன்று செய்திருக்கிறார்களாம். அதைச் செவ்வாய்க் கிரகத்துக்கு அனுப்பப் போகிறார்களாம்.

"ஜோசியக்காரன் சொல்லுவானே, அந்தச் செவ்வாயா?"

"அதேதானுங்க."

"எம்பட மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கையில கீழ்நாட்டு ஜோசியன் ஒருத்தன் அதைச் சொல்லியே மூணு வருஷம் இழுத்தடிச்சான். அங்க போயி நீங்க என்னத்தக் கேக்கப் போறீங்க?"

"அதுக்கு உள்ளுக்குள்ள என்ன இருக்குதுன்னுங்க. அந்த நிலம் அதிர்றதைக் கேட்டா தெரிஞ்சுக்கலாம்."

அனுப்புவதற்கு முன்னால் அதே மாதிரி செய்த இன்னொரு பெட்டியை எங்காவது மூன்று மாதம் வைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்தில் ரயில் கூடாது, ஆலை கூடாது, பெரிய ரோடு கூடாது. அடியில் ஒரே பாறையாக இருக்க வேண்டும். ஏழெட்டு ஊர் பார்த்துவிட்டு வந்தார்களாம். கண்ணாடிக்காரர் அப்போதுதான் தலையைத் தூக்கி, "இந்த மாதிரிப் பாறை எங்கேயும் கிடைக்கலீங்க" என்றார். ஓரகத்தி ஓடைக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழட்டும் என்று, "என்ன சொன்னீங்க, சரியா கேக்கல" என்றேன். அவர் பாவம், இன்னொரு தரம் சொன்னார்.

ஒரு வாரத்தில் குழி வெட்டிப் பாறையின்மேல் பெட்டியை வைத்தார்கள். பார்க்கப் பித்தளைத் தவலை அளவுதான் இருந்தது. அதன்மேல் மூடி, மூடிமேல் மண். பக்கத்தில் ஒரு கம்பம், அதன் உச்சியில் வெயிலில் மின்சாரம் எடுக்கும் தகடு. எல்லாம் முடிந்ததும் அவள் கணினியை மடியில் வைத்துக்கொண்டு, "அம்மாயி, அந்தப் பலா மரத்துகிட்ட இருந்து இங்க நடந்து வாங்க" என்றாள். நடந்தேன். திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு என் காலடிக்குக் காலடி துள்ளியது.

"இது வலது காலுங்க. இது இடது. இடது கால் கொஞ்சம் மெதுவா விழுது பாருங்க. முழங்கால் வலிக்குதுங்களா?"

அந்த வலியை நான் பெற்ற மகளிடம்கூடச் சொன்னதில்லை.

"இதையெல்லாம் யாரு பாப்பாங்க?"

"எங்க ஆபீசுக்கு வந்துக்கிட்டே இருக்குங்க. அங்க ஆளுங்க பாப்பாங்க."

எனக்கு ஒரு கடிகாரமும் ஒரு நோட்டும் கொடுத்தார்கள். கிட்டத்தில் எது அசைந்தாலும் மணி பார்த்து எழுத வேண்டும். சோளக்காடு போகும் பஸ் கீழே திரும்பினால், மிளகுக்கொடிக்கு ஏணி தூக்கிக்கொண்டு யாராவது போனால், காற்று பலமாக அடித்தால், நான் தண்ணீர் எடுக்கப் போனால். மூன்று மாதத்துக்கு உரலில் குத்தக்கூடாது. ஆடுகள் இருக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் சரி என்றேன். ஆறு ஆட்டையும் ஓரகத்தி பட்டியில் கொண்டுபோய் விட்டேன். நாய் ஆட்டின் பின்னாலேயே போய்விட்டது.

அதுவரை நான் தனியாக இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம். மகள் ராசிபுரத்தில், மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். ஞாயிற்றுக்கிழமை போன் வரும், "சாப்டியாம்மா" என்று கேட்பார்கள், "சாப்டேன்" என்பேன், அதோடு சரி. அதெல்லாம் பழகியதுதான். ஆனால் ஆடு இல்லாத வீடு வேறு மாதிரி இருந்தது. காலையில் திட்டுவதற்கு ஒரு ஜீவன் இல்லை. உரல் சத்தமும் இல்லை. ரேஷன் அரிசியைப் பொங்கி வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஓரகத்தி ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "பாறைக்காரி, ஆட்டை விட்டுட்டுப் பெட்டியை மேய்க்கறியா? குட்டி போட்டா எனக்கொண்ணு குடு" என்பாள். அதுவும் இரண்டு நாளைக்கு ஒரு தரம்தான்.

அந்தப் பெண் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வருவாள். குழியைப் பார்ப்பது கொஞ்ச நேரம். மிச்ச நேரமெல்லாம் மேட்டுப் பாறையில் ஏறி நின்று போன் பேசுவாள். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். முதலில் எனக்கு அவள் வேலையே புரியவில்லை. கம்பியை முடுக்குவதும் இல்லை, கணக்குப் போடுவதும் இல்லை. பிறகுதான் தெரிந்தது. ஒருவன் ஒயர் செய்கிறான், ஒருத்தி சின்னக் கம்ப்யூட்டர் செய்கிறாள், ஒருவன் வெளிக்கூடு செய்கிறான். ஒருவன் தாமதித்தால் இன்னொருவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். அத்தனை பேரும் ஒரே நாளில் முடிக்கிற மாதிரி பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. நான் அன்னாசித் தோட்டத்தில் முப்பது ஆளுக்கு மேஸ்திரியாக இருந்தவள். லாரி வந்து நிற்கும்போது பழம் அறுத்து முடியாமல் இருந்தால் என்ன பாடு என்று எனக்குத் தெரியும். அவள் போனில் யாரிடமும் கத்தவில்லை. "சரி, புதன்கிழமைன்னா புதன்கிழமை" என்று ஒரே குரலில் சொல்வாள். போனை வைத்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள்.

செவ்வாய்க்குப் போகிற விண்கப்பலில் எடைதான் பெரிய சண்டையாம். இவர்கள் கருவிக்கு இவ்வளவு என்று இடம் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பிடுங்கிக்கொள்ள வேறு கருவி செய்கிறவர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். "பங்காளிச் சண்டைதானுங்க அம்மாயி" என்றாள். எனக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

பெட்டி வைத்து மூன்றாவது வாரம் இருக்கும். ஆறு மணி. ஆட்டைப் பிடித்துக் கட்டும் நேரம். கட்ட ஆடு இல்லாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உலக்கை சுவரில் சும்மா சாய்ந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு பலா மரத்தடிக்குப் போனேன். அங்கே பாறை வெளியே தெரியும். பெட்டியிலிருந்து நாற்பது காலடியாவது இருக்கும். பக்கத்தில் தட்டினால் பெட்டிக்குக் கெடுதல் என்ற அறிவு எனக்கு இருந்தது. உலக்கையால் பாறையில் மூன்று தட்டுத் தட்டினேன். ஒன்று தட்டினால் பலாக்காய் விழுந்தது என்று நினைப்பார்கள். இரண்டும் அப்படித்தான். மூன்று என்றால் ஆள்.

அவ்வளவுதான். திரும்பி வந்து விளக்கைப் போட்டேன். எங்கோ ஓர் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறவர் கோடு மூன்று தரம் துள்ளியதைப் பார்த்திருப்பார், அந்தக் கொல்லிமலைக் கிழவி என்று நினைத்திருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். அன்று சோறு இறங்கியது.

மறுநாளும் தட்டினேன். அதற்கடுத்த நாளும். நோட்டில் மட்டும் எழுதவில்லை. எழுதினால் எதற்கு என்று கேட்பார்கள். மற்றது எல்லாம் எழுதினேன். ஓரகத்தியின் கோழி குறுக்கே போனதைக்கூட எழுதினேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காய்ச்சல் வந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். ஆறு மணி ஆனது. தட்டு வரவில்லையே, கிழவிக்கு என்ன ஆயிற்று என்று யாராவது போன் செய்வார்கள் என்று போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். மறுநாள் மத்தியானம்வரை பார்த்தேன். மகன்கூடக் கூப்பிடவில்லை. சாயங்காலம் தட்டியபோது கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

கார்த்திகை தொடக்கத்தில் சொல்லாமல் கொள்ளாமல் ஜீப் வந்தது. அந்தப் பெண்ணும் கண்ணாடிக்காரரும். மண்வெட்டியும் மரப்பெட்டியும் கொண்டுவந்திருந்தார்கள். அவள் முகம் சரியில்லை. வெல்லம் போட்டுக் கடுங்காப்பி கொடுத்தேன்.

"என்ன கண்ணு, இன்னும் ஒரு மாசம் கிடக்குதே?"

"பெட்டியை எடுக்க வந்தோமுங்க அம்மாயி. கோளாறு வந்துருச்சு. தினம் பொழுது சாயறப்ப, ஆறு மணி வாக்குல, உள்ளுக்குள்ள டக் டக் டக்னு மூணு தடவை தட்டுது."

என் டம்ளரைக் கீழே வைத்தேன்.

கண்ணாடிக்காரர் சொன்னார்: "குளிர் இறங்கறப்ப உள்ளே உலோகம் சுருங்குது. எங்கேயோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்கு. ஒரே ஒரு நாள்தான் தட்டு வரல. அன்னிக்கு முழுக்க மேகம், மழை, சூடு அவ்வளவா இறங்கவே இல்ல. அதுலயே உறுதியாயிருச்சு."

"வெளியில இருந்து ஏதாவது வந்திருக்கக் கூடாதா?"

அவர் என் நோட்டைக் கையில் எடுத்தார். "இது இருக்கறப்ப எப்படீங்க? கோழி போனது வரைக்கும் இதுல இருக்குது. ஆறு மணிக்கு ஒரு நாள்கூட ஒண்ணும் இல்ல. இப்படி ஒரு நோட்டு எங்க ஆபீஸ்லகூட எவனும் எழுத மாட்டான்."

என் நோட்டை நம்பித்தான் அவர்கள் தங்கள் பெட்டியைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

அவள்தான் மிச்சத்தைச் சொன்னாள். இதில் குறை என்றால், போகப்போகிற பெட்டியிலும் அதே குறை இருக்கும். அதைத் திறக்க வேண்டும். கண்ணாடிக்காரர் தன் கையால் மாதக்கணக்கில் உட்கார்ந்து அடைத்த பெட்டி. திறந்து மறுபடி அடைப்பதற்குள் கப்பல் போய்விடும். அந்தக் கிரகம் திரும்ப வாகாக வர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் இவர்கள் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். வரும் திங்கட்கிழமை பெரியவர்கள் கூடிப் பேசுகிறார்கள்.

"எத்தனை வருஷ வேலை?"

"எட்டுங்க."

நான் கேட்டேன்: "நாளையில இருந்து அந்தத் தட்டு தானா நின்னு போச்சுன்னா?"

"நின்னாலும் விட மாட்டாங்க அம்மாயி. ஏன் வந்துச்சுன்னும் தெரியாது, ஏன் நின்னுச்சுன்னும் தெரியாதுன்னா இன்னும் மோசம்."

அப்படியென்றால் எனக்கு ஒரு வழிதான் இருந்தது. ஆனால் வாய் வரவில்லை. என்மேல் பிழை என்று நான் யார் முன்னாலும் நின்றதில்லை. தோட்டத்தில் ஒரு கூடைப் பழம் குறைந்தாலும் என் ஆட்கள்மேல் கை நீட்ட விட்டதில்லை. இப்போது போய் எதைச் சொல்வது? உலக்கையால் பாறையை இடித்தேன் என்றா? இடித்தேன் என்றால் எதற்கு என்பார்களே.

அவர்கள் குழிக்குப் போனார்கள். ஓரகத்தியும் வேடிக்கை பார்க்க ஓடையைத் தாண்டி வந்துவிட்டாள். கண்ணாடிக்காரர் கணினியைத் திறந்து ஏதோ கடைசியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மண்வெட்டியை எடுத்தாள். நான் வீட்டுக்குப் போய் உலக்கையைத் தூக்கிக்கொண்டு பலா மரத்தடிக்குப் போனேன். உச்சி வெயில். மூன்று தட்டுத் தட்டினேன்.

"இதென்னடி பாறைக்காரி, வெயில்ல மண்டை கலங்கிப்போச்சா?" என்றாள் ஓரகத்தி.

கண்ணாடிக்காரர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பத் திரையைப் பார்த்தார். "இன்னொரு தடவை தட்டுங்கம்மா" என்றார். தட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவள் என்னிடம் நடந்து வந்தாள். மண்வெட்டி இன்னும் கையில்தான் இருந்தது.

"நீங்களாங்க அம்மாயி?"

"நான்தான்."

"தினமுமா?"

"ஒரு நாள் இல்ல. அன்னிக்குக் காய்ச்சல்."

அவள் மண்வெட்டியைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அந்த ஒரு நாள் ஏன் வரலைன்னு பதினாலு பேரு உக்காந்து ரெண்டு நாள் பேசினோமுங்க."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நானும் திரும்ப இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். அவள் திட்டவில்லை. உலக்கையை மரத்தில் சாய்த்து வைத்தேன்.

சொன்னால் மட்டும் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். அன்று பொழுது சாயும்வரை அவர் கை காட்டும்போதெல்லாம் தட்டினேன். அவர் பழைய கோட்டையும் புதிய கோட்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். பிறகு நான் ஒரு தாளில் என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இந்த நாளிலிருந்து இந்த நாள்வரை இந்த மணிக்கு நான்தான் தட்டினேன் என்று எழுதினேன். கீழே 'காரணம்' என்று ஓர் இடம் விட்டிருந்தார்கள். அதில் 'சும்மா' என்று எழுதினேன்.

"சும்மான்னு எழுதினா ஒத்துக்க மாட்டாங்க அம்மாயி."

"ஏன், அந்தப் பெரியவங்க ஒருத்தரும் சும்மா ஒண்ணும் செஞ்சதில்லையா?"

கண்ணாடிக்காரர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. வேறு தாள் கொடுத்துவிட்டு, நான் எழுதுவதைப் பார்க்காமல் மிளகுக்கொடிப் பக்கம் திரும்பி நின்றாள். ஓரகத்தியும் அன்றைக்குத்தான் வாயை மூடிக்கொண்டு நின்றாள். நான் வெகுநேரம் யோசித்து எழுதினேன்: 'ஆபீசில் யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துத் தட்டினேன்.' அதைப் படித்த பிறகு அவள் தாளை மடிக்க நேரம் எடுத்துக்கொண்டாள்.

பெட்டியைத் தோண்டாமல் விட்டுப் போனவர்கள் திங்கட்கிழமை மறுபடி வந்தார்கள். அன்றைய கூட்டத்தில் பெரியவர்கள் அரைமனதாக ஒப்புக்கொண்டார்கள். முப்பது நாள் தட்டு இல்லாமல் கோடு நேராக ஓடினால் கருவி போகலாம், ஒரு நாள் துள்ளினாலும் முடியாது. அவள் மேட்டுப் பாறையில் நின்று கேட்டுவிட்டு வந்து சொன்னாள். அப்புறம் தயங்கித் தயங்கி, "முப்பது நாளைக்கு மக ஊட்டுக்குப் போயிட்டு வாரீங்களா அம்மாயி?" என்றாள்.

"நான் போயிட்டா நோட்டு யாரு எழுதறது?"

அவள் கண்ணாடிக்காரரைப் பார்த்தாள். அவர் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து, "நோட்டு அவங்களே எழுதட்டும்" என்றார். அந்த மனிதர் என்னிடம் பேசியதை எண்ணிவிடலாம். அந்தப் பேச்சுக்காக முப்பது நாள் என்ன, அறுபது நாள் இருந்திருப்பேன்.

அந்த முப்பது நாள் நான் இதுவரை கழித்த நாட்களில் நீளமானவை. உலக்கையை ஓரகத்தி வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். ஐந்தரை மணிக்கே வாசற்படியில் உட்கார்ந்துவிடுவேன். ஆறு மணிக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் என் ஆடுகளை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கட்டுவது கேட்கும். அவை அவள் குரலுக்குப் போகப் பழகிவிட்டிருந்தன. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பேன். அசைய மாட்டேன். ஆறே கால் ஆனதும் நோட்டில் எழுதுவேன்: '6 மணி. உட்கார்ந்திருந்தேன்.' மறுநாளும் அதையே எழுதுவேன். தட்டிக்கொண்டிருந்த நாளில் யாராவது பார்ப்பார்களோ என்ற சந்தேகமாவது இருந்தது. இப்போது பதினான்கு பேர் சரியாக அந்த நேரத்தைத்தான் பார்ப்பார்கள் என்று தெரியும். தெரிந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது கஷ்டம்.

மார்கழிக் குளிரில் அவள் வந்தாள். கருவி போகிறது என்று இறங்கும்போதே சொன்னாள். பெட்டியைத் தோண்டி எடுத்து மரப்பெட்டியில் பஞ்சு வைத்துக் கட்டினார்கள். அதற்கு முன்னால் ஒரு நீளத் தாளை என் முன்னால் விரித்தாள். முப்பது நாளின் ஆறு மணி, ஒன்றின்கீழ் ஒன்றாக முப்பது கோடு. ஒன்றிலும் ஒரு நெளிவு இல்லை.

"பாருங்க அம்மாயி, ஒண்ணுமே இல்ல."

நான் ஒவ்வொரு கோடாக விரல் வைத்துப் பார்த்தேன். ஏழாவது கோடு, எனக்கு இருமல் வந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்ட நாள். பதினெட்டாவதில் மகன் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அதெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் தாளில் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தாளை எனக்கே கொடுத்துவிட்டாள்.

ஆடுகள் மறுநாள் வந்துவிட்டன. நாய் வரவில்லை, ஓரகத்தி வாசலிலேயே தங்கிவிட்டது. குழியை மூட ஆள் அனுப்புகிறேன் என்றார்கள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மழை பெய்தால் அதில் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது.